தந்தியின் முட்டியைப் படம் எடுத்தவர்

எக்ஸ்ரே என்பது ஹாக்கி மைதானத்தின் மேற்கு கேலரி அவருக்கு வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்கேன் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். தினமும் முப்பது நாற்பது பேரின் உள்பக்கத்தைப் பார்ப்பவர். அதற்கு எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும், எத்தனை தடவை திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்விட்டால் மெஷின் எதுவும் தேவைப்படாது. எண்பது மீட்டர் தூரத்திலிருந்து வெறும் கண்ணாலேயே ஆட்டக்காரர்களின் மனசைப் படித்துவிடுவார். இவன் சோம்பேறி, அவன் பயந்தாங்கொள்ளி, அந்தக் கடைசியில் நிற்கிறவன் நடிக்கிறான். ரிப்போர்ட் உடனுக்குடன் வந்துவிடும், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் அவர் இருக்கிற இடமே தெரியாது. படம் எடுக்கிறவர் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அந்த வேலையின் விதி. நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று தெரிந்தாலும், "முடிஞ்சதுங்க, எழுந்துக்கலாம், டாக்டர் சொல்வாரு" என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை டாக்டர் சொல்வாரு, டாக்டர் சொல்வாரு என்று சொல்லிச் சொல்லியே ஆறு நாளை ஓட்டுகிற மனுஷன், ஏழாவது நாள் வாயைத் திறந்தால் மூட முடியாமல் போவதில் ஆச்சரியமில்லை என்பது அவர் மனைவியின் கட்சி. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஹாக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் ஆசைப்பட்டதில்லை.

மேற்கு கேலரியில் ஆறாவது வரிசை இவர்களுக்கென்றே எழுதி வைத்த மாதிரி. நாலு பேர். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிற பாலிசி, மைதானத்துக்கு எதிர்ச் சந்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர், அப்புறம் எக்ஸ்ரே. நாலு பேரில் ஒருவரும் வாழ்நாளில் ஹாக்கி ஆடியதில்லை. அதனால் ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்குக் குழப்பமே கிடையாது.

தந்தி என்கிற பெயர் போஸ்ட்மாஸ்டர் வைத்தது. நம் அணியின் பதினேழாம் நம்பர். ஒல்லி உடம்பு, நீளக் கால். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் முழு ஆட்டம் ஆடுகிற ஆள் அல்ல. பெரிய ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கி வெளியே வரும்போது உள்ளே போவான். ஓரக் கோட்டை ஒட்டி இப்படியும் அப்படியும் ஓடி, எதிரணியின் பின்கள ஆட்களை இழுத்துக்கொண்டு போய்க் களைக்க வைப்பான். பந்தைக் கோலுக்கு முன்னால் போட்டிருக்கிற வட்டத்துக்குள் தள்ளுவான். கோல் போடுவது வேறொருத்தராக இருக்கும், போட்டோவில் வருவதும் அவராகவே இருக்கும். எட்டு நிமிடம் ஆனதும் திரும்ப வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து துண்டைத் தலையில் போட்டுக்கொள்வான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவன் உள்ளே இருக்கும்போது எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல் கோட்டிலிருந்து கிளம்பி, அடிக்கப் போகிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். மட்டையிலிருந்து பந்து கிளம்பும்போது குறுக்கே நிற்க வேண்டும். அது கல் மாதிரி பந்து, ரோட்டில் போகிற காரைவிட வேகமாக வரும். முகமூடியும் முட்டிக்கு ஒரு உறையும் மாட்டிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நிற்பது புத்தியுள்ள யாரும் ஆசைப்படுகிற உத்தியோகம் அல்ல. வேகமாக ஓடுவான் என்கிற ஒரே குற்றத்துக்காக அது அவன் தலையில் கட்டப்பட்டது.

"தந்தி மாதிரி வேகமா வர்றான். தந்தி மாதிரியே கெட்ட சேதியோட வர்றான்" என்று போஸ்ட்மாஸ்டர் முதல் வருடமே சொல்லிவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருடத்தில் அவன் போட்ட கோல் நாலு. கேலரிக்கு அந்த நாலைத் தவிர வேறு கணக்குத் தெரியாது. அவன் மேல் பட்டு நின்றுபோன பந்துகளை யார் எண்ணுகிறார்கள்? எக்ஸ்ரே மட்டும் தந்திக்கென்று தனியாகத் திட்டுகள் யோசித்து வைத்திருப்பார். திங்கள் முதல் சனி வரை ஸ்கேன் அறையில் மெஷின் ஓடுகிற நேரத்தில் மெருகேற்றி, ஞாயிறன்று வெளியிடுவார். "ரயிலைப் பிடிக்கப் போறியா, பந்தைப் பிடிக்கப் போறியா" என்பது அவருடைய படைப்புகளில் ஓரளவு நாகரிகமானது.

ஒருநாள் சாப்பிடும்போது தந்தியைப் பற்றி அவர் பேசிக்கொண்டே போக, டீச்சர் கையை நிறுத்தி, அந்த ஆள் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் ஆடுவார் என்று கேட்டாள். இருபது என்றார். ஒரு ஆட்டத்துக்கு எட்டு நிமிடம், ஒன்பது வருடம். மனசுக்குள்ளேயே பெருக்கி, "ஆயிரத்து நானூத்தி நாப்பது நிமிஷம். ஒன்பது வருஷத்துல அவர் விளையாடினது முழுசா ஒரே ஒரு நாள்தான். நீங்க அவரைத் திட்டினது எத்தனை நாள்னு கணக்குப் போடட்டுமா?" என்றாள். எக்ஸ்ரே, ஹாக்கி என்பது கணக்கு அல்ல என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

அந்த வருடத்து ஆட்டங்கள் பாதி முடிந்திருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரணிக்குப் பெனால்டி கார்னர். தந்தி ஓடினான். பந்து அவன் இடது முட்டியில் பட்டுத் தெறித்து வெளியே போயிற்று. கோல் இல்லை. தந்தி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. மைதானம் ஒரு நிமிடம் அடங்கிப் போனது. எக்ஸ்ரேவுக்கு இப்படிப்பட்ட அமைதியைக் கண்டால் பொறுக்காது. எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயோரம் குவித்து, "எழுந்திரு, நாடகம் போதும். நடிப்புக்குத் தனியா சம்பளம் தரமாட்டாங்க" என்று ஒரு குரல் விட்டார். அடங்கியிருந்த மைதானத்தில் அது எல்லாத் திசைக்கும் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. பாலிசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல்காரர் முதுகில் தட்டிக் கொடுத்தார். இரண்டு பேர் தோள் கொடுத்துத் தந்தியை வெளியே கூட்டிப் போனார்கள்.

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, ஸ்கேன் அறை வாசலில் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்து நின்றார். தொப்பியை இழுத்து விட்டிருந்தார். எக்ஸ்ரே பாரத்தை வாங்கிப் படித்தார். முழுப்பெயர், வயது, உயரம், எடை. இடது முட்டி. உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு, வலது மணிக்கட்டில் இரண்டு திருகு என்று எழுதியிருந்தது. தொழில் என்ற இடத்தில் ஹாக்கி. எக்ஸ்ரே பாரத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் பார்த்தால் தந்தி சின்ன ஆளாக இருந்தான். மேஜை மேல் ஏற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. முட்டி பந்து போல வீங்கி, பழுத்த நிறத்தில் இருந்தது. காலை நேராக வைக்கச் சொன்னார், வரவில்லை. அடியில் ஒரு சின்னத் தலையணையை வைத்து, பட்டையை மெதுவாக இழுத்துக் கட்டினார். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு முட்டியை அவர் அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை. மெஷின் சத்தத்துக்காகத் தந்தியின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து மைக்கை அழுத்தினார். "அசையாம இருங்க. இருபது நிமிஷம் ஆகும்."

மேஜையிலிருந்து பதில் வந்தது.

"சார், உங்க குரலை எங்கயோ கேட்டிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"மைதானத்துக்கு வருவீங்களா?"

"இல்லைங்க" என்றார் எக்ஸ்ரே. "எனக்கு ஹாக்கியே தெரியாது."

ஒரு விதத்தில் அது உண்மைதான். ஆனால் அவர் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.

படம் வரிசையாக வர ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி என்றாலும், இத்தனை வருடத்தில் முட்டி எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தசைநார் ஒன்று அறுந்திருந்தது. அது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். மற்றதெல்லாம் பழசு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய மெத்தை ஒரு ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது, அவ்வளவுதான். எலும்பில் அங்கங்கே ஆறிப்போன அடிகளின் தடம். ஒரு நாளில், ஒரு பந்தில் வருகிற சேதம் அல்ல. வருடக்கணக்காக வலியோடு ஓடியிருக்கிற கால். இந்தக் காலை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதே பெரிசு என்று அவருக்குத் தோன்றியது. படங்களை இரண்டாவது தடவை ஓட்டிப் பார்த்தார். அதற்கு அவசியம் இருக்கவில்லை.

வெளியே கூட்டி வரும்போது தந்தி, திரும்ப ஆட முடியுமா என்று கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போல.

"டாக்டர் சொல்வாருங்க" என்றார் எக்ஸ்ரே.

அந்த வியாழனுக்கும் அணியின் அறிவிப்புக்கும் நடுவில் மூன்று ஞாயிறு போனது. மேற்கு கேலரி அந்த மூன்று வாரத்தில் தந்தியின் விஷயத்தை முழுவதுமாக ஆராய்ந்து முடித்துவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் என்பதால் படுத்துக்கொண்டான் என்றார் பாலிசி. அடிபட்டதாகச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பொய் சொல்கிறவர்கள் என்று தன் தொழில் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொன்னார். தையல்காரர், தந்தி கடைத்தெருவில் நன்றாக நடந்து போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார் என்று ஒருவரிடம் கேட்டதாகச் சொன்னார். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? போஸ்ட்மாஸ்டர், தந்தி வராவிட்டால் நல்ல சேதி என்று அர்த்தம் என்றார். எல்லாரும் சிரித்துவிட்டு எக்ஸ்ரேவைப் பார்த்தார்கள். அவருடைய முறை.

எக்ஸ்ரேவுக்குத் தொண்டை வரை வந்து நின்றது. அவர் வாழ்நாளில் எந்த ரகசியத்தையும் வாசலைத் தாண்டும்வரைகூட வைத்திருந்ததில்லை. ஆஸ்பத்திரி விஷயத்தை வெளியே விட்டால் வேலை போய்விடும் என்பது ஒன்று. அதைவிட, சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், நான் அவனிடம் ஹாக்கி தெரியாது என்று சொல்லிவிட்டேன் என்பது வரைக்கும். தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி ஒதுங்கினார். இரண்டாவது வாரமும் அதையே சொன்னார். மூன்றாவது வாரம் பொறுக்காமல், முட்டி வலி என்றால் உங்களில் யாருக்காவது என்னவென்று தெரியுமா என்று சிடுசிடுத்தார். தனக்கு இரண்டு முட்டியும் வலிக்கிறது, அதற்காக ஊரைக் கூட்டினேனா என்றார் போஸ்ட்மாஸ்டர். தொண்டையை டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பாலிசி இரண்டு ஆஸ்பத்திரி பெயர் கொடுத்தார். கூடவே ஒரு திட்டத்தைப் பற்றியும் விளக்கினார்.

அறிவிப்பு ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. மூன்று வரி. முட்டியில் ஏற்பட்ட காயம், மருத்துவர்களின் ஆலோசனை, ஓய்வு பெறுகிறார். அன்று சாயங்காலம் யாரும் யாரையும் கூப்பிடாமலே நாலு பேரும் தையல்கடையில் வந்து சேர்ந்தார்கள். தையல்காரர் இஸ்திரிப் பெட்டியை அணைத்து, மேஜை மேல் கிடந்த பாதித் தைத்த சட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணினார். கை வைத்த ஒரே நாற்காலியில் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்தார். டீ வந்தது. 

பிறகு பேச ஆரம்பித்தார்கள். கேட்கிறவருக்குத் தந்தி செத்தே போய்விட்டான் என்றுதான் தோன்றும். என்ன ஒரு ஓட்டம் ஓடினார், என்றார் பாலிசி. போன ஞாயிறு வரை அவன் இவன் என்றிருந்தது, ரிட்டயர் ஆனவுடன் மரியாதை கூடிவிட்டது. அவர் மேல் தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு தனிப் பிரியம் என்றும், வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். அதில் இரண்டாவது பாதியை யாரும் மறுக்க முடியாது. தையல்காரர், அவர் காலை அகட்டி வைக்கிற விதத்திலேயே ஒரு வலி தெரியும், துணி வெட்டுகிற கண்ணுக்கு அது தப்பாது என்றார். கடைத்தெருவில் நடந்ததைப் பற்றி ஞாபகப்படுத்த யாருக்கும் மனசு வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, தந்தி என்று தான் பெயர் வைத்ததற்குக் காரணம் அந்தக் காலத்தில் முக்கியமான சேதி எல்லாம் தந்தியில்தான் வரும் என்பதாலேயே என்று விளக்கம் கொடுத்தார். நாலு கோல் பேச்சுவாக்கில் ஆறாகி, கடைசியில் ஏழில் வந்து நின்றது. அதில் ஒன்று பாதி மைதானத்திலிருந்து அடித்ததாம்.

பேச்சு ஓய்ந்தபோது மூன்று பேரும் எக்ஸ்ரேவைப் பார்த்தார்கள்.

"இருந்தாலும் நீங்க ரொம்பத்தான் திட்டிட்டீங்க" என்றார் பாலிசி.

எக்ஸ்ரேவுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. "நான் மட்டுமா திட்டினேன்? நீங்க திட்டலையா?"

"நாங்க உரிமையோட திட்டினோம். நீங்க மனசாரத் திட்டினீங்க."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். விஷயம் முடிந்தது. ஒன்பது வருடத்துப் பாவம் மொத்தமும் ஒரு டீ ஆறுவதற்குள் ஒரே ஆள் பெயரில் மாற்றி எழுதப்பட்டது. தப்பான ஆளின் பெயரில் என்றும் சொல்ல முடியவில்லை, அதில்தான் அவருக்கு வாயடைத்துப் போயிற்று.

வழியனுப்ப ஒரு பேனர் வைப்பது என்று முடிவானது. துணியும் தையலும் தையல்காரர் பொறுப்பு. வாசகம் என்ன? தந்தி என்று போட்டால் அவருக்குப் புரியுமா என்று சந்தேகம் வந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சரி, முழுப்பெயரைப் போடலாம் என்றார் போஸ்ட்மாஸ்டர். அங்கேதான் சிக்கல். முன்னால் ஒரு எழுத்து வரும் என்றார் பாலிசி. இரண்டு எழுத்து என்றார் தையல்காரர். உயிரைக் கொடுத்து நேசித்த ஆட்டக்காரரின் பெயர் அந்தக் கடையில் மூன்று பேருக்குத் தெரியவில்லை. நாலாமவருக்குப் பெயர், தகப்பன் பெயர், எடை, மணிக்கட்டில் இருக்கிற திருகு எல்லாம் தெரியும். அவர் சுவரில் தொங்கிய பேண்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெள்ளைத் துணியில் "17, நன்றி" என்று நீலத்தில் வெட்டி ஒட்டுவது என்று தீர்மானமாயிற்று.

ஞாயிறன்று இடைவேளையில் தந்தி மைதானத்தைச் சுற்றி வந்தான். கக்கத்தில் ஊன்றுகோல். சாதாரணமாக அரை நிமிடத்தில் கடக்கிற ஓரக் கோட்டை ஐந்து நிமிடமாக நடந்தான். பேனர் அளவுக்கு மீறி நீளமாக இருந்ததால் நடுவில் தொய்ந்து, பதினேழு மட்டும் ஒழுங்காகத் தெரிந்தது. மேற்கு கேலரிக்கு எதிரில் வந்ததும் நின்று, கையைத் தூக்கினான். பாலிசி விம்மி அழுதார். போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எக்ஸ்ரேவுக்கு அப்போது பார்த்து ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. அதைக் குனிந்து கட்டி முடிப்பதற்குள் தந்தி வடக்கு கேலரிப் பக்கம் போய்விட்டான்.

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். நாலைந்து மாதம் போனது. பதினேழாம் நம்பர் சட்டையில் புதுப் பையன் ஒருவன் வந்தான். தந்தி இருந்திருந்தால் இந்தப் பந்தைப் பிடித்திருப்பார் என்று கேலரி அவனை வறுத்தெடுக்க ஆரம்பித்தது. எக்ஸ்ரே வாயைத் திறந்தாலும் பழைய வீச்சு வரவில்லை.

இதற்கிடையில் டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தீர்மானித்தாள். கணவரிடம் கற்றுக்கொள்வது பற்றி யோசிக்கக்கூட இல்லை, நேராக ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுப்பவர் தங்கமான மனுஷன் என்று முதல் வாரமே சொன்னாள். எத்தனை தடவை வண்டி நின்றுபோனாலும் முகம் சுளிப்பதில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால், அவசரமே இல்லை டீச்சர் என்பார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார், பாவம். எக்ஸ்ரே பேப்பர் படித்துக்கொண்டே உம் கொட்டினார். இரண்டாவது வாரம் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்த கையோடு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, உங்களுக்கு ஹாக்கியே தெரியாதாமே?"

பேப்பர் கீழே இறங்கியது.

நடந்தது இதுதான். சிக்னலில் நிற்கும்போது பேச்சு வந்தது. தான் முன்பு ஹாக்கி ஆடியதாக அவர் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஆட்டம் விடமாட்டார், மேற்குப் பக்கம்தான் உட்காருவார் என்று இவள் பெருமையாகச் சொன்னாள். எங்கே வேலை என்று கேட்டார். ஆஸ்பத்திரி பெயரையும் ஸ்கேன் பிரிவையும் சொன்னாள்.  பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்த பிறகு, கிளட்சை மெதுவாக விடுங்க டீச்சர் என்றாராம். அப்புறம் பேசினார். மேற்குப் பக்கத்தில் ஒரு குரல் உண்டு, ஓரக் கோட்டில் ஓடும்போது தலையைத் தூக்கிப் பார்க்க நேரம் இருக்காது, அந்தக் குரல் காதுக்குப் பின்னால் போய்விட்டால் வட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம், பந்தை உள்ளே தள்ளிவிடுவேன் என்று சொன்னாராம்.

எக்ஸ்ரேவுக்குக் காது குளிர்ந்துவிட்டது. ஒன்பது வருடமாக அணிக்குத் தான் செய்த சேவை இன்றைக்கல்லவா வெளியே வந்திருக்கிறது. என்ன சொல்லிக் கத்துவேன் என்பதையும் சொன்னாரா என்று கேட்டார், கொஞ்சம் ஆவலாகவே. டீச்சர் யோசித்தாள். ஓடும்போது வார்த்தை எதுவும் விழாதாம், சத்தம் மட்டும்தான் விழுமாம். ஆறு நாள் மெருகேற்றிய திட்டுகள் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததில் எக்ஸ்ரேவுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்தது.

"ஸ்கேனுக்கு அவர் வந்ததை எங்கிட்டகூட நீங்க சொல்லலையே" என்றாள் டீச்சர். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். ஆனால் அவள் புதுசாக ஒரு ஆளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வகுப்புக்கு அவரும் கூடப் போனார். டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு சின்ன அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள் ஒட்டியிருந்தது. டீச்சர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தந்தி எழுந்து வந்து கை கொடுத்தான். எக்ஸ்ரே மன்னிப்பு மாதிரி ஏதோ தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். அது வாயில் வரவில்லை. முட்டி எப்படி இருக்கிறது என்றார். பிரேக் போட வலது கால் போதும் சார் என்றான் தந்தி.

"அன்னைக்கு ஸ்கேன்ல உங்க குரலைக் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

"ஓடும்போது நான் சொல்றது எதுவும் விழாதுன்னு இவ சொன்னா" என்றார் எக்ஸ்ரே.

"ஓடும்போது விழாது சார்" என்றான் தந்தி. சாவிக்கொத்தில் ஸ்கூல் காரின் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னான். "கீழ கிடக்கும்போது விழும்."

 குரலில் கோபம் இல்லை. எக்ஸ்ரே சுவரில் இருந்த குறியீடுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஹாரன் அடிக்கக் கூடாது, திரும்பக் கூடாது, நிறுத்தக் கூடாது. டீச்சர் கையெழுத்துப் போட்டு முடித்து வந்து, என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

நீங்களும் வாங்க சார், டீச்சர் எப்படி ஓட்டுகிறார் என்று பாருங்கள் என்று தந்திதான் கூப்பிட்டான். எக்ஸ்ரே பின் சீட்டில் ஏறினார். முதல் தெரு வரை ஒழுக்கமாகத்தான் வந்தார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு லாரி எதிரில் வந்தது. அவ்வளவுதான். இடதுபக்கம் போ, இடது, அவன் வர்றான் பார், பிரேக்கு, எங்கே பார்த்து ஓட்டுகிறாய் என்று ஆரம்பித்தார். மைதானக் குரல் காருக்குள் கொள்ளவில்லை. டீச்சர் கிளட்சைச் சட்டென்று விட்டாள், வண்டி இரண்டு உதறு உதறி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

தந்தி மெதுவாகத் திரும்பினான்.

"சார், ஓட்டுறது அவங்க. அவங்களுக்குத் தெரியும். நீங்க கொஞ்சம் பேசாம வாங்க."

எக்ஸ்ரே வாயை மூடினார். ஆறு நொடி மூடியிருந்தார், ஏழாவது நொடி திரும்ப ஆரம்பித்தார். டீச்சர் மறுபடி வண்டியைக் கிளப்பி, சிக்னல் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, அழகாக ஓரம் கட்டி நிறுத்தினாள். பிறகு திரும்பாமலே, இறங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் இறங்கினார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று உள்ளிருந்து சொன்னார்கள், திரும்பச் சாத்தினார். வண்டி கிளம்பியது. ஓரம் கட்டியதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது என்பதை அவர் கவனித்திருந்தார், ஆனால் அதைக் கேட்க யாரும் இல்லை. வீட்டுக்கு நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. போகிற வழியெல்லாம் கீழே கிடந்த ஆள் ஞாபகம்தான். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, டீச்சர் வரும்வரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்கு முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவளே காரை ஓட்டி வந்து அவரை மேற்கு வாசலில் இறக்கினாள். அன்று புதுப் பையன் ஒரு பந்து பட்டுக் கீழே விழுந்தான். பாலிசி எழுந்து கையைக் குவித்தார். எக்ஸ்ரே அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, உட்காருங்க என்று மட்டும் சொன்னார். பையன் எழுந்து ஓட ஆரம்பித்ததும் எக்ஸ்ரேவே எழுந்து நின்று அவனை வெளுத்து வாங்கினார், இத்தனை மாதக் குறையும் தீர்கிற மாதிரி. சமாச்சாரம் புரியாமல் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்து வாசலுக்கு வந்தால் கார் நின்றிருந்தது. டீச்சர் இவ்வளவு நிதானமாக ஓட்ட யாரிடம் கற்றுக்கொண்டார் என்று தையல்காரர் மரியாதைக்கு விசாரித்தார். அவள் சொன்னாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் காரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்த சீட்டா என்று பாலிசி கேட்டார். இல்லை, அது வேறு கார் என்று டீச்சர் எடுத்துச் சொல்லியும் முன் சீட்டைத் தடவிப் பார்த்தார்.

போஸ்ட்மாஸ்டர் மறுநாளே போய் டிரைவிங் வகுப்பில் பெயர் கொடுத்தார். அறுபத்தெட்டு வயது, வீட்டில் கார் கிடையாது, வாங்கும் உத்தேசமும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் போகிறார். இன்னும் முதல் கியரைத் தாண்டவில்லை. சொல்லிக்கொடுக்கிறவர் வேகம் போதாது என்று தையல்கடையில் வந்து குறைப்பட்டுக்கொள்கிறார்.